கேமில் பெண்கள், கேமைப் பற்றிய பேச்சு: எங்கள் தோட்டப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். சனி, ஞாயிறுகளில் தோட்டத்து வாசிகசாலைக் கட்டடத்தில் தரம் 6 முதல் 11 வரையான பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கேம் விளையாடுகிறவள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் கேமைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்துவிடும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்பார்கள். கேமில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள், கேமைத் திட்டுகிறவர்கள் சொல்வது சரிதானா என்ற இரண்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் பேச்சு வரும். அப்படி வந்த கேள்விகளை எழுதிவைக்கிறேன்.

பாலின வார்ப்பு என்று சொல்கிறீர்களே, அது என்ன?

கடையில் ஒரு தேயிலைப் பக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, மூக்கில் மூக்குத்தி, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகம் நிறையச் சிரிப்பு. எங்கள் அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தார். அவர் மலையில் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசி, இடுப்பில் படங்கைக் கட்டி, மழைக்குத் தலையில் பொலித்தீன் போட்டு, நிறுவைக்கு முன்னால் கிலோவைச் சேர்த்துவிட வேண்டுமே என்ற யோசனையோடுதான் நிற்பார்.

பக்கெட்டில் இருக்கும் படம் பொய் என்று சொல்ல வரவில்லை. கூடை உண்மை, பொட்டும் உண்மை. ஆனால் திரும்பத் திரும்ப அந்த ஒரே படத்தைக் காட்டும்போது, மலையகப் பெண் என்றால் இவ்வளவுதான் என்று பார்க்கிறவர் மனதில் பதிந்துவிடுகிறது. சீட்டுப் பிடிக்கிற அக்கா, சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற மாமி, ஏ.எல். பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கிற பிள்ளை, இவர்கள் எவரும் அந்தப் படத்துக்குள் இல்லை.

வார்ப்பு என்பது இதுதான். ஒரு கூட்டம் மனிதரை ஒரே அச்சில் ஊற்றி எடுப்பது. கேமுக்குள் பெண்களுக்கு இது நிறைய நடந்திருக்கிறது. அப்புறம், கேமை வெளியிலிருந்து பார்த்துப் பேசுகிறவர்கள் பலர் கேமுக்கும் இதையேதான் செய்கிறார்கள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் தீர்ப்புச் சொல்கிறார்கள். படமாக்கப்பட்டுப் பழகிய ஊர்க்காரி என்பதால் எனக்கு இரண்டுமே வலிக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே கேமில் பெண்கள் அப்படித்தானா?

பெரும்பாலும் ஆமாம். 1981இல் நிண்டெண்டோ கொண்டுவந்த டாங்கி காங் கேமில் ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு சாரத்தின் உச்சிக்குப் போய்விடும். அவளை மீட்க ஒரு தச்சன் ஏறுவான். அந்தத் தச்சன்தான் பிறகு மரியோ ஆனான். அந்தப் பெண்ணுக்கு முதலில் நிலையான பெயர்கூட இல்லை, பாலின் என்ற பெயர் பிறகுதான் ஒட்டியது. 1985இல் வந்த சூப்பர் மரியோவை எங்கள் வயதுக்காரர்கள் கேசட் போடுகிற டிவி கேமில் விளையாடியிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தாலும், இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எட்டாவது கோட்டையில்தான் அவர் இருப்பார். அண்ணனும் நானும் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து விளையாடும்போது, "இந்தப் பொண்ணு ஏன் ஒரு தடவகூட தானா தப்பிச்சு ஓடல?" என்று நான் கேட்டதும், அவன் பதில் தெரியாமல் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

1980இன் பேக்மேனுக்குப் பின்னால் மிஸ் பேக்மேன் வந்தது. அதே மஞ்சள் வட்டம்தான். ஒரு ரிப்பனும் உதட்டுச் சாயமும் ஒரு மச்சமும் வைத்தவுடன் அது பெண் என்றார்கள். மஞ்சள் வட்டத்துக்கு ஆணாக இருக்க எதுவும் தேவைப்படவில்லை, பெண்ணாக இருக்கத்தான் ஒப்பனை தேவைப்பட்டது. எனக்கு இந்தச் சின்ன விஷயம் பெரிதாகத் தெரிகிறது. ஒன்றும் வரையாமல் விட்டால் அது ஆண் என்று எல்லோரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்ல திருப்பங்களும் வந்தன. 1986இன் மெட்ராய்டு கேமில் கவசத்துக்குள் இருந்த வீரர் சாமஸ் என்ற பெண் என்பது கடைசியில்தான் தெரியவரும். ஆனால் அதிலும் மிக வேகமாக முடித்தவருக்கு அவரை நீச்சலுடையில் காட்டினார்கள், வென்றவனுக்குப் பரிசு மாதிரி. 1996இல் டூம் ரைடரின் லாரா கிராஃப்ட் வந்தார். தனியாகக் குகைக்குள் இறங்கி, புதிரை அவிழ்த்து, கரடியையும் ஓநாயையும் சமாளிக்கிற பெண். விளையாடியவருக்கு அவருடைய மூளையும் துணிச்சலும் தெரியும். விளம்பரத்தை மட்டும் பார்த்தவருக்கு அவருடைய உடம்பு மட்டும்தான் தெரியும்.

2005இல் மரியோவின் இளவரசி பீச்சுக்குத் தனியாக ஒரு கேம் கொடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த சக்தி என்ன தெரியுமா? உணர்ச்சி. அழுதால் கண்ணீரில் செடி வளரும், கோபம் வந்தால் தீப்பிடிக்கும். சரி, பெயரில்லாமல் தொடங்கிய பாலினாவது முன்னேறினார். 2017இன் மரியோ கேமில் அவர் ஒரு நகரத்துக்கே மேயர்.

போன் கேமிலும் இதெல்லாம் இருக்கிறதா? எங்கள் பிள்ளைகள் விளையாடுவது அதுதானே?

இருக்கிறது. ஆனால் அங்கே அது காசு வடிவத்தில் வரும். டெம்பிள் ரன் 2011இல் வந்தது. அப்போது திறந்தவுடன் ஓடியவன் ஆண், இலவசம். பெண்ணாக ஓட வேண்டுமென்றால் கேமுக்குள் 10,000 காசு சேர்க்க வேண்டியிருந்தது. 2015இல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி ஓடுகிற கேம்களில் 50ஐ எடுத்து, உட்கார்ந்து எண்ணினாள். ஆணா பெண்ணா என்று தெரிகிற கேரக்டர் உள்ள கேம்களில் 98 சதவீதத்தில் ஆண் இருந்தான். 46 சதவீதத்தில்தான் பெண் இருந்தாள். அவள் எழுதிய கட்டுரையை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. இந்தக் கணக்கை வகுப்பில் சொன்னபோது தரம் 7 பிள்ளையொன்று எழுந்து, "அப்ப பொம்பளப் புள்ளையா ஓடணும்னா மொதல்ல ஆம்பளையா ஓடிச் சம்பாதிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டது. இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லிவிட முடியாது.

கடைசி வரை உயிரோடு மிஞ்சுகிறவர் வெல்லும் துப்பாக்கி கேமான ஃப்ரீ ஃபயரை எடுத்தால், அதில் பெண் கேரக்டர்கள் நிறைய. ஓட்டக்காரியான கெல்லி வேகமாக ஓடுவாள். ஒலிவியா தாதி, விழுந்தவரை எழுப்பினால் அவருக்கு உயிர் கூடுதலாக ஏறும். குணப்படுத்துகிற வேலை என்றவுடன் பெண்ணை நினைப்பது பல கேம்களில் பழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) என்றால் ஆண், கொழுந்து என்றால் பெண் என்று எழுதாத சட்டம் இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனாலும் இதே கேமில் தாதியும் துப்பாக்கி தூக்கிக் கடைசி வட்டம் வரை நிற்கலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் மகன் இதையெல்லாம் பார்த்துப் பெண்களை மதிக்காதவனாக ஆகிவிடுவானா?

இது அம்மாமார் கேட்கிற கேள்வி. கேட்கிற குரலிலேயே பயம் தெரியும், அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஆராய்ச்சிகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 800க்கும் மேற்பட்டவர்களை 3 வருஷம் தொடர்ந்து கவனித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். கேம் விளையாடுவதற்கும் பெண்களைப் பற்றிய தாழ்வான எண்ணத்துக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. 2017இல் பிரான்சில் 11 முதல் 19 வயது வரையான 13,520 பேரிடம் கேட்டுப் பார்த்ததில் ஒரு தொடர்பு தெரிந்தது, ஆனால் சின்னது. அதுவும் ஒரே சமயத்தில் கேட்டறிந்தது என்பதால், எது காரணம் எது விளைவு என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆக, கேம் ஒன்றே பையனைக் கெடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அப்பா சாப்பிட்ட கோப்பையை அம்மா மட்டுமே எடுக்கிற வீட்டுப் பையனுக்கு, கேமில் பெண் மூலையில் நிற்பது வித்தியாசமாகவே தெரியாது. கேம் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை. வீட்டில் கண்டதையே மறுபடி காட்டி, அதுதான் வழமை என்று உறுதிப்படுத்துகிறது. அதனால் கேமை மட்டும் பிடுங்கி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

செய்தியிலும் கூட்டங்களிலும் கேம் என்றாலே வன்முறை, ஆபாசம் என்கிறார்களே?

இது நீளமான கதை. ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் வீடியோ கேம்களைப் பற்றி விசாரணை நடந்தது. ஜோசப் லீபர்மன் என்ற செனட்டர் முன்னின்று நடத்தினார். அங்கே மேசைக்கு வந்த கேம்களில் ஒன்று நைட் ட்ராப். ஒரு வீட்டில் இரவு தங்க வந்த இளம்பெண்களை, ரத்தம் உறிஞ்சுகிற ஒரு கூட்டம் தாக்க வருகிறது. இரவு உடையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பிடிக்கிற காட்சியை எடுத்துக் காட்டினார்கள். பெண்களைப் பிடித்துக் கொல்கிற கேம் இது என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியது. ஆனால் விளையாடியவருக்குத் தெரியும், கேமின் வேலை அதற்கு நேர் எதிர். வீட்டில் இருக்கும் கேமராக்களைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களைப் பொறியில் விழவைத்து, அந்தப் பெண்களைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பிடிக்கிற காட்சி, காப்பாற்றத் தவறியவருக்கு வருவது.

கேமைச் செய்தவர்களின் ஆதரவாளர்கள் இதைச் சொல்லி ஆறுதல் அடைந்தார்கள். நான் அடையவில்லை. காப்பாற்றுகிற கேம்தான், சரி. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் இரவு உடையில் கத்திக்கொண்டு காத்திருக்க மட்டும் பிறந்தார்கள்? விவாதிக்க வேண்டிய கேள்வி அதுதான். கொலை, கொலை என்று கத்தியதில் அந்தக் கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. விளையாடாமல் பேசுவதில் வருகிற நஷ்டம் இது. குற்றச்சாட்டு பிழையான இடத்தில் விழுகிறது, உண்மையான பிழை அப்படியே தப்பிவிடுகிறது. அந்த விசாரணையால் ஒரு நன்மையும் நடந்தது. 1994இல் கேம்களுக்கு வயதுக் குறிப்புப் போடும் அமைப்பு அங்கே உருவானது.

எங்கள் முன்னோர் இங்கே வந்து 200 வருஷம் என்பதால், 2023இல் மலையகம் 200 என்று நாடே பேசியது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கமும் கேமரா தூக்கிக்கொண்டு சிலர் வந்தார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. இடிந்த லயத்துச் சுவரைத் தேடித் தேடி எடுத்தார்கள். சுவர் இடிந்திருந்தது உண்மை, அதைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அதே லயத்தில் மூன்றாவது காம்பராவில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை இருந்தாள். "அவளையும் எடுங்களேன்" என்று என் அத்தை சொன்னார். நேரமில்லை என்று போய்விட்டார்கள். கேமைப் பற்றி நாளிதழில் வருகிற கட்டுரையில் பாதியைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கேமராதான் ஞாபகம் வருகிறது.

அனிதா சர்கீசியன் யார்? பையன்கள் அந்தப் பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வருகிறார்களே?

கேமில் பெண்களைக் காட்டும் விதத்தைப் பற்றி வரிசையாக வீடியோ செய்த விமர்சகர். 2012இல் அதற்காகப் பொதுமக்களிடம் 6,000 டொலர் கேட்டார். 158,000 டொலருக்கு மேல் வந்தது. முதல் வீடியோ 2013 மார்ச்சில் வந்தது, கடத்தப்படும் பெண் என்ற வார்ப்பைப் பற்றி. மேலே நான் சொன்ன டாங்கி காங், மரியோ கதையெல்லாம் அதில் வரும். ஒரு படைப்பை ரசித்துக்கொண்டே அதிலுள்ள குறையையும் சொல்லலாம் என்பது அவர் அடிக்கடி நினைவூட்டிய விஷயம். அதைக் கேட்காதவர்கள்தான் அதிகம்.

அதற்கு அவர் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வீடியோகூட வெளிவராத நேரத்திலேயே, அவருடைய முகத்தைக் குத்திக் காயப்படுத்துகிற ஒரு கேமைச் செய்து இணையத்தில் போட்டார்கள். 2014 ஒக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கியோடு வருகிறவரைத் தடுக்க முடியாது என்றார்கள், பேச்சு ரத்தானது. கேமில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேசியதற்கு இவ்வளவு.

அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. 2012இல் வந்த ஹிட்மேன்: அப்சல்யூஷன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆட்டக்காரப் பெண்கள் இருக்கும் ஒரு இடம் வரும். விளையாடுகிறவர் அவர்களைத் தாக்கலாம், உடலை இழுத்துப் போகலாம் என்று காட்டி, கேம் இதற்கு அழைப்பு விடுக்கிறது என்றார். எதிர்த்தவர்கள், சம்பந்தமில்லாதவரைக் கொன்றால் கேம் புள்ளியைக் கழிக்கிறது, இது அழைப்பு எப்படி ஆகும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புள்ளி கழிவதால் விஷயம் தீர்ந்துவிடாது. அந்த அறையை வரைந்தவர்கள், அந்தப் பெண்களை அலங்காரப் பொருளாகவே நிறுத்தினார்கள். அந்தக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. ஒருவர் ஒரு இடத்தில் தவறினார் என்பதற்காக மீதி அத்தனையையும் தூக்கிப் போடுவது நியாயமில்லை. வகுப்பில் பையன்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: மறுத்துப் பேசுங்கள், அதற்கு முதலில் முழு வீடியோவைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். 2013இல் கரோலின் பெட்டிட் என்ற விமர்சகர் ஜிடிஏ 5 என்ற கேமுக்கு 10க்கு 9 கொடுத்தார். பெண்களை இழிவாகக் காட்டுகிறது என்று அந்த விமர்சனத்துக்குள் கொஞ்சம் எழுதினார். 9 கொடுத்தவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மனுப் போட்டார்கள்.

பெண்களைச் சேர்க்கிறோம் என்று கேமைக் கெடுக்கிறார்கள் என்கிறார்களே?

2014இல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி வந்தபோது, சேர்ந்து விளையாடும் நாலு பேரும் ஆண். பெண்ணைச் சேர்த்தால் அசைவுகளை மறுபடி செய்ய வேண்டும், வேலை கூடிவிடும் என்று செய்தவர்கள் காரணம் சொன்னார்கள். 2018இல் அதே வரிசையின் ஒடிஸ்ஸியில் கசாண்ட்ரா என்ற பெண்ணாக முழுக் கதையையும் விளையாட முடிந்தது. கேம் கெட்டுப்போகவில்லை. 2015இல் ஃபிஃபா 16இல் பெண்களின் 12 தேசிய அணிகள் முதல்முறையாக வந்தன. 2017இன் ஆஷஸ் கிரிக்கெட்டில் பெண்கள் அணிகள் வந்தன. அதற்காக ஆண்கள் அணியை யாரும் நீக்கவில்லை. 2024இல் தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்த இரவு எங்கள் லயத்துப் பையன்கள் பட்டாசு கொளுத்தினார்கள். அடுத்த நாள் அணித் தலைவி சமரி அத்தபத்துவைப் போனில் விளையாட முடியுமா என்று தேடினார்கள். தேவை இருக்கிறது.

மகள் கேம் விளையாடும்போது ஏன் மைக்கை அணைத்தே வைக்கிறாள்?

என் அக்கா மகளும் அப்படித்தான். வயது 15. ஃப்ரீ ஃபயரில் அவளுக்கு ஒரு ஆண் பெயர், மைக் எப்போதும் ஆஃப். ஒருநாள் இஸ்தோப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நன்றாக ஆடினாள், கடைசி நாலு பேரில் ஒருத்தி. பின்னால் எதிரி இருக்கிறான் என்று கூட்டாளிக்குச் சொல்ல, தன்னை மறந்து மைக்கை அழுத்திவிட்டாள். "அண்ணா, பின்னாடி!" அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நொடியில் அந்தப் பக்கத்திலிருந்து, "டேய், பொண்ணுடா!" பிறகு சிரிப்பு, நம்பர் கேட்டது, பிறகு நான் எழுத விரும்பாத வார்த்தைகள். அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்குத்தான் சித்தி பேசறதில்ல" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இது நம் பையன்களின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஹேலோ 3 கேமில், முன்கூட்டியே பதிவு செய்த ஆண் குரலையும் பெண் குரலையும் போட்டு விளையாடிப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு குரலிலும் பேசியது ஒரே மாதிரி வசனம்தான். பெண் குரலுக்கு 3 மடங்கு மோசமான பேச்சு வந்தது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, அதே கேமில் மோசமாக ஆடுகிற ஆண்கள்தான் பெண் குரலைக் கேட்டு அதிகம் சீறுகிறார்கள் என்று கண்டது. மகள் மைக்கை அணைப்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. மகளைத் திட்டவேண்டாம். மகன் பேசும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை கேளுங்கள்.

ஆண்களையும் ஒரே அச்சில்தானே காட்டுகிறார்கள்?

ஆமாம். அகன்ற தோள், குறைந்த பேச்சு, கையில் ஆயுதம். அழுகிற பையனுக்கு அங்கே இடம் குறைவு. 2018இன் காட் ஆஃப் வார் அதை மாற்றப் பார்த்தது. முன்பு கொன்று குவிக்க மட்டும் தெரிந்த கிரேட்டோஸ், அதில் மகனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தடுமாறுகிற அப்பா. ஆனால் ஆணுக்கு ஒரு அச்சுக்குள்ளேயே பேசவாவது இடம் கிடைக்கிறது. 50 கதை கேம்களில் 13,000க்கும் மேற்பட்ட கேரக்டர்களின் வசனத்தை எண்ணிய ஆய்வொன்று 2023இல் வந்தது. பெண்களைப் போல இரண்டு மடங்கு வசனம் ஆண்களுக்கு. 94 சதவீத கேம்களில் ஆண் பேச்சே அதிகம்.

வெண்பா கேமில் ஒரு தமிழ் அம்மா சமைக்கத்தானே செய்கிறார்? அதுவும் வார்ப்புதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தரம் 11 மாணவி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெண்பா 2023இல் வந்தது, கனடாவில் விசை கேம்ஸ் செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குப் போன ஒரு குடும்பம். நாம் வெண்பா என்ற அந்த அம்மா. அவருடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி போகும், புட்டுக்கு எது முதலில் எது பிறகு என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் சுயாதீன கேம்களுக்கான விழாவில் முதற்பரிசும், பிரிட்டனின் பாஃப்டாவில் முதல் படைப்புக்கான விருதும் வாங்கியது.

சமையலறையில் அம்மா என்பது பழைய படம்தான். ஆனால் நிற்கிற இடத்தை வைத்து மட்டும் வார்ப்பு என்று முடிவுகட்ட முடியாது. அந்த ஆளுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினார்களா என்பதைப் பார்க்க வேண்டும். வெண்பாவுக்குக் கவலை இருக்கிறது, வேலை கிடைக்காத கோபம் இருக்கிறது, மகன் தமிழ் பேச மறுப்பதைப் பார்த்து நொறுங்குகிற மனம் இருக்கிறது. சமையல் அவருக்குச் சும்மா கடமை இல்லை. அழிந்துபோன ஒரு எழுத்தை நினைவிலிருந்து மீட்கிற வேலை. மகன் கவின் பெரியவனான பிறகு அவனும் அடுப்படிக்கு வருகிறான், அம்மாவின் குறிப்பைப் படிக்கத் தடுமாறுகிறான். அதை விளையாடும்போது, எங்கள் அம்மாயி கையால் அளந்து உப்புப் போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியது ஞாபகம் வந்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த மாணவிக்கு நான் சொன்னதும் இதுதான். தேயிலைப் பக்கெட்டில் இருக்கும் பெண்ணையும் மலையிலேயே நிறுத்துங்கள், பரவாயில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்போது படம் ஆளாகிவிடும்.

பெண் பிள்ளைக்கு எதற்கு கேம்?

நேரடியாகவே கேட்பார்கள். "டீச்சர், அவ அடுத்த வருஷம் ஓ.எல்., பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?" தம்பிக்கும் அதே வருஷம் பரீட்சை என்றால் இந்தக் கேள்வி வராது.

கொரோனா காலத்தில் பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் ஒரு போன். சிக்னல் பிடிக்க மலை உச்சிக்கு ஏறவேண்டும். யாரிடம் போன் போனது என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிந்த பிறகு கேம் விளையாடும் நேரமும் அந்தக் கையிலேயே தங்கியது. பையன் பீலியிலிருந்து வந்தால் நேரம் அவனுடையது. பெண் பிள்ளை தண்ணீர் பிடித்து, தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கூட்டிவந்து, ரொட்டிக்கு மா பிசைந்த பிறகு மிஞ்சுகிறதே ஒரு கால் மணி நேரம், அதுதான் அவளுடையது. பெண்களுக்குக் கேமில் விருப்பமில்லை என்று சொல்கிற விமர்சகர் எவரும் இந்தக் கால் மணி நேரத்தைக் கணக்கில் எடுத்ததாக நான் படித்ததில்லை. அந்தக் கால் மணியில் கேண்டி க்ரஷ் விளையாடுகிறவளை யாரும் கேமர் என்று சொல்வதும் இல்லை.

விளையாட்டு எதற்கு என்றால், விளையாடத்தான். கொழுந்துக்குப் போய் வருகிற அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும் என்பதற்கு நாம் காரணம் கேட்பதில்லையே. பிள்ளைக்கும் அப்படித்தான். எல்லை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்பாடில்லாத கேம் பழக்கத்தை 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்த எல்லையை மகனுக்கும் மகளுக்கும் ஒரே கடிகாரத்தில் வையுங்கள்.

கேமைச் செய்கிற வேலையில் பெண்கள் இருக்கிறார்களா?

தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். கரோல் ஷா 1982இல் ரிவர் ரெய்ட் கேமை எழுதினார். ஆற்றின் மேல் விமானம் ஓட்டுகிற அந்தக் கேமை உலகம் முழுக்க விளையாடினார்கள். ரொபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் கணவரோடு சேர்ந்து மிஸ்டரி ஹவுஸ் செய்தார், பிறகு 1984இல் கிங்ஸ் குவெஸ்ட். அந்த வரிசையின் நாலாவது கேமில், 1988இல், கதாநாயகியாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். இந்தப் பெயர்களைக் கேம் பிரியர்கள் பலருக்கே தெரியாது, அது எனக்குப் பெரிய மனக்குறை.

எங்கள் பிள்ளை கேம் செய்யப் படிக்க எங்கே தொடங்குவது?

ஸ்க்ராட்ச் என்ற, பிள்ளைகளுக்கான கேம் செய்யும் மென்பொருள் போதும். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா தேவையில்லை. கட்டைகளை அடுக்குவது போல் கட்டளைகளை அடுக்கினால் திரையில் இருக்கும் பூனை நடக்கும். நான் பென் ட்ரைவில் வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.

போன மாதம் தரம் 8 பிள்ளை ஒன்று இதில் ஒரு கேம் செய்தாள். கூடையோடு ஒருத்தி மலையில் நடப்பாள், அட்டை வந்தால் தாண்ட வேண்டும், கொழுந்து சேர்ந்தால் கிலோ ஏறும். கிலோ சரியா என்று பார்க்க மடுவத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஆண் உருவம் ஒன்றை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "டீச்சர், கங்காணிக்குச் சேலை கட்டிவிடலாமா?" என்று கேட்டாள். வேலையை மேற்பார்க்கிற கங்காணியைத்தான் அவள் அங்கே நிறுத்தியிருந்தாள். சேலை வரைய எங்களுக்கு அன்று முழு வகுப்பும் போயிற்று. கொசுவம்தான் சரியாக வரவில்லை. வருகிற சனிக்கிழமை 9 மணிக்குத் திரும்ப வரைகிறோம். சேலை வரையத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வாருங்கள்.